தப்பாப் படிக்க வைத்த மருந்து

ஆன்டிபயாட்டிக்னு சொன்னதும் ஃப்ளெமிங், பென்சிலின், பூஞ்சை பிடிச்ச தட்டுன்னு எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. எனக்கு என்னவோ ஸ்ட்ரெப்டோமைசின் மேலதான் ஒரு கண்ணு. காசநோயை எதிர்த்து நின்ன முதல் ஆன்டிபயாட்டிக் அது. கிருமிக்குள்ள போய் என்ன செய்யுதுன்னே தெரியாம, கிட்டத்தட்ட இருபது வருஷம் ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க.

1943 அக்டோபர், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயசு ஆராய்ச்சி மாணவர், எரு போட்ட மண்ணில் இருந்தும் ஒரு கோழியின் தொண்டையில் இருந்தும் எடுத்த நுண்ணுயிரில் இந்த மருந்தைக் கண்டுபிடிச்சார். காசநோய்க் கிருமியோட பழகுறவர் என்பதால அவருக்குக் கிடைச்ச இடம் நிலவறை. 1952ல நோபல் பரிசு வந்தப்போ, அது பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் போச்சு. இத்தனைக்கும் ஷாட்ஸ் 1950லேயே வழக்குப் போட்டு, தானும் கண்டுபிடிப்பாளர்தான்னு ஒப்புக்கொள்ள வச்சிருந்தார். (வாத்தியார்-மாணவர் அரசியலுக்குள்ள போனா தனிப் பதிவு ஆயிடும், விடுங்க.)

போர் முடிஞ்ச பிரிட்டனில் டாலர் தட்டுப்பாடு, மருந்தும் கொஞ்சம்தான். எல்லாருக்கும் பத்தாது. அதனால யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வுன்னு குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. 1948ல முடிவு வெளிவந்தது. ஆறு மாசத்தில் ஊசி போட்ட 55 பேரில் செத்தது 4 பேர், போடாத 52 பேரில் 14. அற்புத மருந்துதானே? அஞ்சு வருஷம் கழிச்சுக் கணக்குப் பார்த்தா 32, 35. அடப்பாவமேன்னு இருக்கு. கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு. சோதிச்சுப் பார்த்த 41 பேரில் 35 பேர்கிட்ட மருந்தை எதிர்க்கும் கிருமி!

ஏன்? அதுக்கான விடை ரைபோசோமில் இருக்கு. செல்லுக்குள்ள புரதம் தயாரிக்கிற எந்திரம் அது. மூணு மூணு எழுத்தா ஆர்.என்.ஏ. சேதியைப் படிச்சு, அதுக்கேத்த அமினோ அமிலத்தைக் கோர்க்கும். 1964ல ஹார்வர்டில் ஜூலியன் டேவிஸ், வால்டர் கில்பர்ட், லூய்ஜி கொரினி மூணு பேரும் ஒரு சோதனை செஞ்சாங்க. 'யூ' என்ற ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வர்ற ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தா, ரைபோசோம் ஃபீனைல்அலனினை மட்டும்தான் கோர்க்கணும். ஸ்ட்ரெப்டோமைசினைச் சேர்த்ததும் சம்பந்தமே இல்லாத ஐசோலூசினும் உள்ளே வந்துச்சு. அதாவது மருந்து எந்திரத்தை நிறுத்தல, தப்பாப் படிக்க வைக்குது! கோளாறான புரதங்கள் குவிய, கிருமிக்குச் சங்குதான். (பூட்டை உடைக்கிறதை விட கணக்குப்பிள்ளையைக் குழப்பிவிடுறது எவ்வளவு கில்லாடித்தனம் பாருங்க :-))

அந்தக் குழப்பம் எங்கே நடக்குதுன்னு கண்ணால பார்க்க 2000 வரை காத்திருக்க வேண்டியதாச்சு. கேம்பிரிட்ஜில் வெங்கி ராமகிருஷ்ணன் குழு (ஆமாங்க, சிதம்பரத்தில் பிறந்து 2009ல நோபல் வாங்கினவரேதான்) வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமில் சின்னத் துண்டைப் படிகமாக்கி, எக்ஸ்ரே மூலமா அதன் அமைப்பைக் கண்டுபிடிச்சாங்க. சரிபார்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஸ்ட்ரெப்டோமைசின் ஒட்டிக்கிட்டு நிக்குது. அங்கேயே எஸ்12 என்ற புரதமும் இருக்கு. காசநோய்க் கிருமி அந்தப் புரதத்தில் 43வது இடத்து லைசினை ஆர்ஜினினா மாத்திக்கிட்டாப் போதும், மருந்து பலிக்காது. ஒரே ஒரு மாற்றம்! கோடிக்கணக்கான கிருமியில் ஒண்ணுக்கு அது தற்செயலா அமைஞ்சிடும். ரெண்டு மருந்துக்கும் சேர்த்துத் தப்பிக்கிறது ஒரே கிருமிக்கு ரொம்பக் கஷ்டம். பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா எதிர்ப்பு பெருமளவு குறையுதுன்னு 1950 வாக்கிலேயே அனுபவத்தில் கண்டுக்கிட்டாங்க.

இன்னொரு சங்கதி, காது. ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கிட்ட சிலருக்குக் காது போயிடும், தலை சுத்தும். நம்ம செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்துப் பாக்டீரியா. அதுக்குன்னு தனி ரைபோசோமும் வச்சிருக்கு. அதில் 1555வது இடத்தில் ஒரு எழுத்து மாறினவங்களுக்கு, அந்த ரைபோசோம் பாக்டீரியாவோடது மாதிரியே ஆயிடுதுன்னு 1993ல கண்டுபிடிச்சாங்க. இந்தக் குடும்பத்து மருந்து கொஞ்சம் போட்டாலும் அவங்களுக்குக் காது பாதிக்கலாம். மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டே இருந்துதான் வரும். அதனால இந்த ஊசிக்கு முன்னாடி, அம்மா வழியில யாருக்காவது ஊசியால காது கேட்காமப் போயிருக்கான்னு டாக்டர் விசாரிச்சா, யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அவர் கேட்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.