காசும் மண்ணடுக்கும்

வைகை கடலொடு கூடும் முகத்துவாரத்தை அடுத்து, இராமநாதபுரத்திற்குக் கிழக்கே உள்ளது அழகன்குளம். 1986-87 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்குப் பல பருவங்களாக நிகழ்த்திய அகழாய்வுகளில் உரோமானியக் காசுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் முதலியவற்றுடன் கப்பலுருவம் கீறப்பெற்ற பானை ஓடொன்றும் கிடைத்தது. அவ்வோடு கடைவீதியில் விலைக்கு வந்திருப்பின், எக்கடற்கரையது, எக்காலத்தது என எவர் கூறியிருப்பார்?

ஆயினும் சேகரிப்பாளரை அறவே பழிப்பது நடுவுநிலையன்று. 'பெருவழுதி' என்னும் பெயர் பொறித்த பாண்டியர் காசு அகழாய்வுக் குழியிற் கிடைத்ததன்று, நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தியின் சேகரிப்பின்வழி வெளிப்பட்டதாகும். சங்ககாலத் தமிழ் வேந்தர் காசு வெளியிட்டனரா என்ற ஐயம் அதனால் தளர்ந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்து எடுத்த காசுகளும் வணிகர் கைவழியே ஆய்வுலகை எட்டின. வாங்குவார் இல்லையெனில் அவற்றுட் பல உலையில் உருகியிருக்கும். எனினும் ஆற்றுமணற் காசுக்கு மண்ணடுக்கு ஏது?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த காசை வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. உரிமமின்றி வணிகம் செய்வதையும் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புவதையுமே தடுத்தது. புதையல் கண்டவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பதோ 1878ஆம் ஆண்டுச் சட்டம். அறிவிப்பதினும் விற்பது எளிது என்பதை அறியாதார் யார்? விற்கும்போது முதலில் மறைக்கப்படுவது கிடைத்த இடமே.

இதே கரையிலுள்ள பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் உடைந்தவை. அவற்றிற்குப் பெருவிலை கொடுப்பார் இலர். கிடைத்த இடம் தெரிந்தமையால், அவ்வூரின் இடைக்காலக் கடல்வாணிகத்திற்கு அவையே சான்றாயின.