பட்டை ரம்பமும் நேர்கோடும்



புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த அவ்வில்லத்தில் செதுக்கு வேலை அமைந்த மரத்தூண்கள் நிற்கின்றன. அவற்றைக் காணுந்தோறும் தச்சரின் உளியைப் புகழ்கிறோம். மரத்தை அறுத்துக் கொடுத்தவரை நினைப்பதில்லை. நான் அவருடைய தொழிலைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அக்காலத்தில் பெருமரத்தை அறுக்க இருவர் வேண்டும்; மேலே ஒருவர், கீழே ஒருவர். சாயம் தோய்த்த நூலை இழுத்துத் தெறித்து மரத்தில் கோடிடுவர். மரம் அசையாது கிடக்கும். ரம்பம் அக்கோட்டின் வழியே செல்லும். மேலே நிற்பவரின் கண்ணே அதற்கு வழிகாட்டி. கீழே நிற்பவருக்கோ கண்ணில் விழும் மரத்தூள்தான் கூலிக்கு மேற்பட்ட வரும்படி!

இவ்வேலையைப் பின்னாளில் ஏற்றுக்கொண்ட பொறிகளுள் ஒன்று பட்டை ரம்பம். முனைகள் இணைக்கப்பட்ட எஃகுப் பட்டை ஒன்று இரு சக்கரங்களின்மேல் ஓயாது ஓடும். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பல்லாண்டுகள் அது பயன்படவில்லை. பட்டையின் முனைகளைப் பற்றவைத்த இடம், சக்கரத்தில் மீண்டும் மீண்டும் வளைந்து அறுந்துவிடும். 1846 ஆம் ஆண்டில் ஆன் போலின் கிரெபேன் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி அவ்விணைப்புக்கு ஒரு முறை கண்டு காப்புரிமை பெற்றார். அன்று புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. 1954 வரை பறந்தது. அவருடைய உரிமையைப் பாரிசிலிருந்த பெரின் நிறுவனம் வாங்கி, நல்ல எஃகும் சேர்த்துப் பொறியைப் பயனுக்குக் கொணர்ந்தது. பொறியோடு பெரினின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிரெபேன் அம்மையாரின் பெயரை அறிந்தோர் சிலரே. இது முறையன்று என்பது என் கருத்து.

இப்பொறியில் ஒரு தலைகீழ் மாற்றத்தைக் காண்கிறோம். ரம்பம் ஓரிடத்தில் ஓட, மரம் நகர்கிறது. எனவே, முன்பு மனிதர் கண் செய்த வேலையை மேசையும், அதன்மேல் மரம் சார்ந்து செல்லும் வழிச்சட்டமும் செய்ய வேண்டும். மேசை பட்டைக்குச் செங்குத்தாக இராவிடில் அறுத்த முகம் சாய்ந்துபோகும். ஆதலின் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தே அதனை இறுக்குவர். சட்டத்தின் செய்தி சற்று நுட்பமானது. பட்டையின் பற்கள் ஒருபுறம் கூர் மிகுந்தோ விரிப்பு மிகுந்தோ இருப்பின், ரம்பம் அப்பக்கமாகவே இழுக்கும். மேசையின் விளிம்புக்கு இணையாகச் சட்டத்தை வைத்தால் மரம் ஒரு வழியும் ரம்பம் ஒரு வழியுமாகப் போராடும். பலகை கோணும், விலையுயர்ந்த தேக்கு வீணாகும்.

தேர்ந்த தச்சர் என்ன செய்வார்? கழிவுப் பலகை ஒன்றில் அதன் ஓரத்துக்கு இணையாகக் கோடிட்டுச் சட்டமின்றிக் கையாலேயே அக்கோட்டின் வழியே தள்ளுவார். பாதி அறுத்ததும் பலகையை அசையாமற் பிடித்துப் பொறியை நிறுத்துவார். பலகையின் ஓரம் எந்தச் சாய்வில் நிற்கிறதோ, அந்தச் சாய்விலேயே சட்டத்தைப் பொருத்துவார். பழைய பட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டினால், இச்சோதனையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.