ரேடியோவின் முதுகு

வால்வு ரேடியோ வாங்கப் போனவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்த்தார்கள்: மெருகேற்றிய மரம், ஒலிபெருக்கியை மூடிய துணி, டயலில் வரிசையாக ஊர்ப் பெயர்கள். பின்னால் ஓட்டை ஓட்டையாக இருந்த அட்டைப் பலகையை யார் கவனித்தார்கள்? பெட்டியின் ஆயுளோ அதை நம்பித்தான் இருந்தது.

வால்வு வேலை செய்ய அதற்குள் ஒரு இழை சிவக்கக் காய வேண்டும். ஐந்து வால்வு என்றால் பெட்டிக்குள் ஐந்து அடுப்பு. கீழ் ஓட்டைகளில் நுழையும் காற்று சூடேறி மேல் ஓட்டைகளில் வெளியேறும்; அதற்கு விசிறியே வேண்டாம். ஆனால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால் அந்த வழி அடைபடும். உள்ளே காகிதக் கண்டென்சர்களின் மெழுகு இளகி வழியும்.

1930களில் அமெரிக்காவில் விலை மலிந்த சின்ன ரேடியோக்கள் வந்தபோது சிக்கல் முற்றியது. செலவைக் குறைக்க டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு, வால்வு இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்தார்கள். 6.3 வோல்ட் வால்வுகள் மூன்று, 25 வோல்ட் வால்வுகள் இரண்டு; மொத்தம் சுமார் 69 வோல்ட். சுவரில் வருவதோ 115. மிச்சமுள்ள 46 வோல்ட்டை, 0.3 ஆம்பியர் மின்னோட்டத்தில், ஒரு மின்தடை தின்று தீர்க்க வேண்டும். அது கிட்டத்தட்ட 14 வாட் சூடு. கையகலப் பெட்டிக்குள் அதை எங்கே வைப்பது?

ஒரு கில்லாடி யோசனை பிறந்தது: மின்தடைக் கம்பியைப் பிளக் வயருக்குள்ளேயே சுற்றிவிட்டார்கள். சூடு பெட்டிக்கு வெளியே போய்விட்டது, வீட்டுக்குள் வந்துவிட்டது! வயர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நீளமாகத் தொங்குகிறதே என்று வெட்டிச் சுருக்கினால் மின்தடை குறைந்து வால்வு இழை கருகும். சுருட்டிக் கட்டினால் வயரே பொசுங்கும். 'திரைச்சீலை எரிப்பான்' என்று அதற்குப் பட்டப்பெயர் விழுந்ததில் வியப்பில்லை.

1939 வாக்கில் தீர்வு வந்தது. 0.15 ஆம்பியரில் எரியும் புது வால்வுகளின் இழைகளுக்கு 12.6, 35, 50 என வோல்ட்டைப் பங்கிட்டார்கள். ஐந்தையும் கூட்டினால் ஏறக்குறைய 120, மின்தடையே தேவைப்படவில்லை. சூட்டை வெளியேற்றும் வழியைத் தேடாமல், வீண் சூட்டைப் பிறக்கவிடாமல் செய்த இந்தக் கணக்குதான் அந்தக் காலத்தின் அசல் சாமர்த்தியம். 230 வோல்ட் வரும் ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோக்களில் மின்தடை பெட்டிக்குள்ளேயே கொதித்துக்கொண்டிருந்தது.

டிரான்சிஸ்டர் வந்ததும் தொல்லை தீர்ந்ததாகத் தோன்றியது. ஆனால் தொடக்க கால டிரான்சிஸ்டர்களின் ஜெர்மானியம் சூட்டுக்குப் பயந்தது: சூடு ஏறினால் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால் மேலும் சூடு, கடைசியில் டிரான்சிஸ்டரே போய்விடும். 1960களில் 2என்3055 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் வந்தன. மைக்காத் தகடு வைத்து, பசை தடவி, அலுமினிய ஹீட் சிங்கில் அவற்றை இறுக்கினார்கள். பல ஆம்ப்ளிபயர்களில் அந்தக் கறுப்பு அலுமினியத் துடுப்புகள் பெட்டிக்கு வெளியே, பின்பக்கத்திலேயே இடம்பிடித்தன. காற்று கீழிருந்து மேலே ஏறத் தோதாக அவற்றைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். வாங்கியவர்கள் அந்த ஆம்ப்ளிபயரையும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் தள்ளி, முதுகைச் சுவரோடு ஒட்டினார்கள்.