இரண்டாவது உரிமையாளரின் வண்டி

கல்கத்தாவின் கிளைவ் தெருக் கம்பெனிகளுக்குச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த வேலைகளுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறியதால்தான் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் விற்க ஆள் வந்தது. ஆண்ட்ரூ யூல், டங்கன் பிரதர்ஸ், வில்லியம்சன் மேகர் முதலிய மேனேஜிங் ஏஜென்சிகளின் கையில் வடக்கே பல தேயிலைத் தோட்டங்களின் வரவு செலவு இருந்தது. தோட்டத்துக்கு ஒரு வண்டி வாங்கினால் அதற்கான இண்டென்டும் இன்வாய்ஸும், பிறகு ஆண்டுதோறும் கழிக்கும் தேய்மானமும் ஏதோ ஒரு கல்கத்தா மேசையில் எழுதப்பட்டாக வேண்டும். 1950களில் டார்ஜிலிங் மலைக்குப் போன லேண்ட் ரோவர்களின் கணக்கும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பேரேடுகளில் வண்டியின் மதிப்பு எப்போதோ பூஜ்யமாகிவிட்டது. ஆனால் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய மானேபன்ஜாங்கிலிருந்து சந்தக்பூ உச்சிக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய லேண்ட் ரோவர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு முன்புகூட நாற்பதுக்கு மேல் இருந்தது. இதைத் தொழிற்சாலையின் பெருமையாகவோ தோட்டத்துரைகளின் கொடையாகவோ சொல்வது வழக்கம். இரண்டும் சரியான காரணமாகப் படவில்லை. வண்டியை இத்தனை காலம் ஓடவைத்தது அதன் இரண்டாவது உரிமையாளர்கள், அதாவது ஓட்டினால்தான் சாப்பாடு என்ற நிலையில் அதை வாங்கியவர்கள்.

வண்டி பிறந்த விதமே பெரிய திட்டம் எதையும் காட்டவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக ஒரு வண்டி செய்தால் என்ன என்ற யோசனை 1947-ல் உருவானது. முதல் மாதிரி வண்டி ஜீப்பின் சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த வண்டிக்கும் ஜீப்பைப் போலவே 80 அங்குலச் சக்கர இடைவெளி. பிரிட்டனில் அப்போது எஃகுக்கு ரேஷன். விமானத் தொழிற்சாலைகளுக்கு வேலை குறைந்ததால் அலுமினியம் தாராளம். அதனால் உடலை பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். ராணுவக் கையிருப்பில் கிடைத்த வெளிர்பச்சைப் பெயின்டை அடித்தார்கள். ரோவர் கார்களுக்குப் பழைய கிராக்கி திரும்பும் வரை ஆலையைச் சும்மா போடாமல் ஓட்ட ஓர் ஏற்பாடு, அவ்வளவே. தட்டுப்பாட்டால் தேர்ந்தெடுத்த அலுமினியம் மழையும் மூடுபனியும் விடாத மலையில் துருப்பிடிக்காத உடலாக அமைந்தது தற்செயல். சட்டமும் பல்க்ஹெட்டும் எஃகுதான், அவை துருப்பிடிக்கும். இன்றும் அந்த வண்டிகளுக்கு மூப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

அப்படிப்பட்ட வண்டி இந்தியா முழுக்கப் பரவவில்லை. காரணம் அரசுக் கொள்கை. உள்நாட்டில் பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாமல், பெட்டியில் வந்ததை இங்கே பூட்டி மட்டும் விற்கும் கம்பெனிகள் தொழிலை விட வேண்டும் என்று 1953-ல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போயின. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கான களம் வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பூட்டி, பிறகு படிப்படியாக இங்கேயே செய்யவும் தொடங்கிய மஹிந்திராவுக்குப் போயிற்று. அந்தக் கம்பெனிக்கும் கல்கத்தா வேர் உண்டு. கே.சி. மஹிந்திரா கல்கத்தாவில் மார்ட்டின் கம்பெனியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதை நடத்திய ராஜேந்திரநாத் முகர்ஜியின் வாழ்க்கையை நூலாகவும் எழுதியவர். போர்க்காலத்தில் அவர் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவுக்குத் தலைமை வகித்தபோதுதான் ஜீப்போடு பரிச்சயம் ஏற்பட்டது. 1945-ல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய எஃகு வணிகம், கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனபின் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. போலீசும் வனத்துறையும் வட்டார வளர்ச்சி (பி.டி.ஓ.) அலுவலகமும் ஜீப் வாங்கின. வந்து சேர்ந்த லேண்ட் ரோவர்கள் மட்டும் வாரிசில்லாத வண்டிகளாக நின்றன.

துரைகள் அவற்றை ஏன் விட்டார்கள் என்பதற்கும் கணக்கில்தான் பதில் இருக்கிறது. 1957-ல் அந்நியச் செலாவணி வற்றியதும் இறக்குமதி உரிமங்கள் இறுகின. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76-லிருந்து 7.50 ஆகக் குறைக்கப்பட்டது. அதே பவுண்டு விலைக்கு வந்த இங்கிலாந்து உதிரிபாகம் ரூபாயில் ஒரே நாளில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆயிற்று. 1973-ல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பிரிட்டனில் பதிவான ஸ்டெர்லிங் கம்பெனிகளின் அந்நியப் பங்கைக் குறைக்கச் சொன்னது. பல தோட்டங்கள் இந்திய முதலாளிகளிடம் கைமாறின. பாகம் கிடைக்காத, மதிப்புக் கழிந்த, பெட்ரோல் குடிக்கும் வண்டியை வைத்துக்கொண்டு எந்த மேலாளரும் கணக்குக் காட்ட முடியாது. ஒரு மஹிந்திரா ஜீப் வாங்கிக்கொண்டு பழையதைத் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம். நினைவுச்சின்னமாக யாரும் அதை விட்டுவிட்டுப் போகவில்லை; ஏட்டில் செத்த சொத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் மலைக்காரர்கள். அவர்களிடம் இருந்த ஒரே அனுகூலம், அந்த வண்டிக்குப் பொருத்தமான ஒரு மோசமான சாலை.

சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர்; மேற்கு வங்கத்தில் அதைவிட உயர்ந்த இடம் இல்லை. ஏறத்தாழ 2,000 மீட்டரில் இருக்கும் மானேபன்ஜாங்கிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். சித்ரே, மேக்மா வழியாக 3,000 மீட்டர் தாண்டி ஏறும் சாலை, கைரிபாஸுக்கு மீண்டும் நானூறு மீட்டர் இறங்கி, காளிபோக்ரி வழியாகத் திரும்ப ஏறும். கான்கிரீட் போடும் முன் அது சாலை என்ற பெயரில் பரப்பிய கருங்கல். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கிவிடும். தொடக்க கால லேண்ட் ரோவரின் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு மொத்தமே 50 குதிரைத்திறன்தான். அப்படியிருந்தும் ஏறுவது கியரால். பெரிய கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு உண்டு. மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் இழுக்கும். சிவப்புக் குமிழ் போட்ட லீவரை இழுத்தால் கியர் விகிதம் முழுவதும் தாழ்ந்து, வண்டி நடைவேகத்தில் கல் மேல் கல்லாக ஏறும். முதல் இரண்டு கியர்களுக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது கீழ் கியருக்கு வர வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும். கொண்டை ஊசி வளைவில், பின்னால் பள்ளம் இருக்க, இதைத் தப்பாமல் செய்ய வேண்டும். வேலைக்கு வைத்த டிரைவர் கியரை அரைத்துப் பல்லை உடைத்தால் செலவு முதலாளிக்கு. சொந்த வண்டிக்காரன் உடைத்தால் அந்த சீசனே போயிற்று. ஓட்டும் கையும் செலவு செய்யும் பையும் ஒருவருடையதே என்பது பெரிய வித்தியாசம்.

பழுது பார்ப்பதிலும் இதே கதைதான். அலுமினியத் தகட்டைச் சாலையோரக் கேஸ் வெல்டிங்கில் ஒட்டுவது எளிதல்ல; தட்டி நேராக்கி, துண்டு வைத்து ரிவெட் அடிப்பார்கள். கதவு, பானெட், முன் மட்கார்டு எல்லாம் திருகாணியில் கழன்று வருபவை. சட்டம் வெட்டி ஒட்டக்கூடிய பெட்டி வடிவ எஃகு. பட்டை வில்லை லாரி வில் செய்கிற பட்டறையிலேயே போட்டுக்கொள்ளலாம். கிடைக்காத பாகத்துக்குச் சிலிகுரி லேத் பட்டறை. அதற்கும் மிஞ்சினால் கல்கத்தாவில் பழைய பாகங்களுக்குப் பேர்போன மல்லிக் பஜார். சிலவற்றில் பழைய எஞ்சின் ஓய்ந்தபோது மஹிந்திரா டீசல் எஞ்சின் உட்கார்ந்தது. போட்டியில் தோற்ற வண்டி, ஜெயித்த வண்டியின் இதயத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. பிராண்ட் விசுவாசம் பேசுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாற்று இல்லாததால்தான் பழையதைக் கட்டி மாரடித்தார்கள். இறக்குமதித் தடை நீங்கியிருந்தால் என்றோ தூக்கிப் போட்டிருப்பார்கள், இதில் உரிமையாளரின் பங்கு என்ன என்று கேட்கலாம். தட்டுப்பாடு காரணங்களில் ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் இந்தியா முழுக்கத்தானே தட்டுப்பாடு இருந்தது? சமவெளியின் லேண்ட் ரோவர்கள் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போய்விட்டன. எதிர்த் திசையிலும் சோதித்துப் பார்க்கலாம். மலேசியாவின் கேமரன் மலையில், தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் வளர்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் ஏராளமாக ஓட்டுகிறார்கள். அங்கே இந்தியாவைப் போன்ற இறக்குமதிப் பூட்டு இருந்ததில்லை. ஜப்பானிய வண்டிகள் தாராளமாகவே வந்தன. இரண்டு மலைக்கும் பொதுவாக இருப்பது சரிவும், கனமான சுமையும், வண்டியே பிழைப்பான சிறு உடைமையாளரும்தான். எங்கே இந்த மூன்றும் சேர்ந்தனவோ அங்கே வண்டி நிலைத்தது. உள்ளூரில் இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்த அம்பாசடருக்கு உதிரிபாகப் பஞ்சமே இருந்ததில்லை. ஆலை 2014-ல் நின்றபின் அதன் மஞ்சள் டாக்சிகள் கல்கத்தாத் தெருவில் ஆண்டுக்கு ஆண்டு கண்ணெதிரே குறைந்துவருகின்றன. பாகம் கிடைப்பது மட்டுமே ஆயுளைத் தீர்மானிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நுணுக்கமானது. எஞ்சின் மாறி, தகடு மாறி, சட்டத்தில் பாதி மாறியபின் அதை லேண்ட் ரோவர் என்று சொல்லலாமா? கம்பெனியைக் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்று. 2016-ல் சோலிஹல் ஆலையில் பழைய மாடலின் உற்பத்தியை நிறுத்திய அதே ஆண்டில், முதல் வரிசை வண்டிகள் இருபத்தைந்தை அசல் பாகங்களோடு புதுப்பித்து ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் விலை வைத்தார்கள். அங்கே வண்டியின் அடையாளம் அசல் பாகம். 2018-ல் எழுபதாம் ஆண்டுக்காக அவர்களே மானேபன்ஜாங்குக்கு வந்து படம் எடுத்தபோது, கொண்டாட வேறொன்று கிடைத்தது: ஓயாமல் ஓடுவது. கம்பெனி 2008-லிருந்து டாடாவின் சொத்து. அந்த வகையில் சொந்தக்காரரும் இந்தியரே. ஆனாலும் இந்த வண்டிகளுக்கு நெடுங்காலமாக உதிரிபாகம் அனுப்பாத தொழிற்சாலை, ஓட்டியவர்களின் உழைப்பைத் தன் வலிமைக்கு அத்தாட்சியாகக் காட்டுவது சற்றுச் சவுகரியமான கணக்கு. என் பார்வையில், 3,636 மீட்டருக்கு ஆளையும் அரிசியையும் ஏற்றும் கருவி அந்த வேலையை விடாத வரை அது அதேதான். கண்ணாடி அறையில் அசல் திருகாணியோடு நிற்பதற்கு வேறு பெயர் வைக்கலாம்.

மூன்றாவது மறுப்பை இப்படித் தள்ளிவிட முடியாது. டிரம் பிரேக், சீட் பெல்ட் இல்லாத இருக்கை, பழைய டீசல் புகை. இதில் பயணிகளை ஏற்றலாமா? உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2009-ல் பதினைந்து வயது தாண்டிய வாடகை வண்டிகளையும் பஸ்களையும் கல்கத்தா தன் தெருக்களிலிருந்து விலக்கியது. நகரத்துக்கு அது நல்லதே. மலைக்கு மட்டும் சலுகை ஏன் என்று கேட்பவருக்கு, எண்ணிக்கை சொற்பம், வேகம் நடைவேகம் என்று சொல்லலாம். பிரேக்கைப் பற்றிய கவலை அதனால் தீராது. ஆண்டுதோறும் கறாரான தகுதிச் சோதனை வேண்டும், தேறாதது நிற்க வேண்டும். சாலையில் பல பகுதிகளுக்குக் கான்கிரீட் வந்துவிட்டது, மஹிந்திரா பொலேரோக்கள் ஏறுகின்றன. மேலே இருப்பவர்களுக்கு நோயாளியைச் சீக்கிரம் இறக்க நல்ல சாலை தேவை. பழைய வண்டியின் அழகுக்காகக் கல்லுச்சாலையே இருக்கட்டும் என்று பயணிகள் விரும்புவது அடுத்தவர் முதுகில் ஏறும் ரசனை.

சட்டத்தில் இந்த வண்டிகளுக்கு இடம் இல்லாததுதான் பிரச்சினை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த விண்டேஜ் பிரிவு, ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டியின் அடிச்சட்டம், உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. வாடகைக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. மஹிந்திரா எஞ்சின் ஏறிய வண்டி முதல் நிபந்தனையிலேயே விழும். அசல் எஞ்சின் தப்பியிருக்கும் வண்டி தேறும், தேறிய நாளிலிருந்து சம்பாதிக்கக் கூடாது. வயதானாலும் வேலை செய்கிற வண்டி என்ற மூன்றாவது வகையை விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரே ஒரு சாலைக்கு, குறிப்பிட்ட வேகத்துக்கும் பயணிகள் எண்ணிக்கைக்கும் உட்பட்டு, ஆண்டு பிரேக் சோதனையோடு அனுமதி வழங்க மாநிலப் போக்குவரத்துத் துறை வழி காண வேண்டும். இல்லாவிட்டால் இந்த வண்டிகளை அடுத்து வாங்கப்போகிறவர்கள் சேகரிப்பாளர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது அசல் எஞ்சின் உள்ளவை மட்டுமே.