பெரிய பூட்டு: லினக்ஸ் கெர்னலின் 15 வருடக் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு கெர்னலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கதை புரிய ஒரு பேரேடு போதும்.

ஒரு கணக்கில் 1000 ரூபாய் இருப்பு. ஒரு குமாஸ்தா 500 ரூபாய் வரவு வைக்க வேண்டும், இன்னொருவர் 200 ரூபாய் பற்று எழுத வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருப்பைப் பார்க்கிறார்கள். இருவர் கண்ணிலும் 1000தான். முதலாமவர் 1500 என்று எழுதுகிறார். அடுத்த நொடி மற்றவர் அதை அடித்துவிட்டு 800 என்று எழுதுகிறார். சரியான இருப்பு 1300. இருவர் கணக்கிலும் தப்பில்லை, ஆனால் 500 ரூபாய் காணோம்! கணினியில் இதற்குப் பெயர் ரேஸ் கண்டிஷன். மருந்து, ஒருவர் பார்த்து எழுதி முடிக்கும்வரை பேரேட்டைப் பூட்டி வைப்பது.

1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆரம்பித்தது ஒரே ஒரு ப்ராசசர் உள்ள பிசியில். குமாஸ்தா ஒருவர்தான் என்பதால் தொல்லை குறைவு. 1996ல் வந்த 2.0 பதிப்பு பல ப்ராசசர்கள் உள்ள கணினியிலும் ஓடியது. பழைய நிரல்கள் எதுவும் இதை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. எல்லாவற்றையும் திருத்த நேரம் ஏது? கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு போட்டார்கள். அதுதான் பிக் கெர்னல் லாக். ஒரு ப்ராசசர் கெர்னலுக்குள் இருந்தால் மற்றவை வாசலில் காத்திருக்க வேண்டும். பத்திரம்தான், ஆனால் நான்கு ப்ராசசர் வாங்கியும் கெர்னல் வேலை ஒன்றில்தான் நடக்கும்.

ஆகவே அடுத்தடுத்த பதிப்புகளில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சிறு பூட்டுகள் வந்தன. கூடவே புதுத் தலைவலியும் வந்தது. ஒருவர் பேரேட்டைப் பூட்டிக்கொண்டு ரொக்கப் புத்தகத்துக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் ரொக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேரேட்டுக்குக் காத்திருக்கிறார். இருவரும் நகர முடியாது. இதுதான் டெட்லாக். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்ட வேண்டும் என்பதே இதற்கு விதி. அந்த வரிசை மீறப்படுகிறதா என்று கண்காணிக்க 2006ல் இங்கோ மோல்னார் லாக்டெப் என்ற கருவியைக் கொண்டுவந்தார்.

சரி, பெரிய பூட்டை ஒரேயடியாகக் கழற்ற வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். அது எந்தத் தகவலைக் காக்கிறது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அதை வைத்திருப்பவரே மறுபடியும் பூட்டலாம். அவர் தூங்கப் போனால் அது தானாகத் திறந்து, எழுந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும். எந்த நிரல் இந்தக் குணத்தை நம்பி ஓடுகிறது என்பதை ஒவ்வொரு இடமாகப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பலர் வருடக்கணக்கில் படித்தார்கள். ஆர்ண்ட் பெர்க்மன் மிச்சத்தை முடித்துவைக்க, 2011 மே மாதம் வந்த 2.6.39ல் அந்தப் பூட்டு அடியோடு போனது.

அதோடு ரேஸ் ஒழிந்ததா? இல்லை. 2016ல் வெளியான டர்ட்டி கௌ என்ற ஓட்டையும் ஒரு ரேஸ் கண்டிஷன்தான். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பில் சாதாரணப் பயனர் எழுதி, கணினியையே கைப்பற்ற முடிந்தது. 2007லிருந்து அது கெர்னலுக்குள் இருந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களும் தப்பவில்லை.

தணிக்கைப் பாடத்தில் எங்களுக்குச் சொல்வது, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும் என்று. பூட்டுக்கும் அதேதான். எதைக் காக்கிறது என்று போடும்போதே ஒரு வரி எழுதி வைத்திருந்தால், கழற்ற 15 வருடம் ஆகியிருக்காது.