கேரள நோய்த்தணிப்புப் பராமரிப்பு
குணமாக்க முடியாத நோயோடு வாழ்பவரின் துன்பத்தைக் குறைக்க மருத்துவர், செவிலியர், தொண்டர், குடும்பத்தார் அனைவரும் ஒரே குழுவாக இயங்கும் முறை. எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் உள்ளிட்டோர் 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் இதைத் தொடங்கினர். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் நோய்த்தணிப்பு இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடலோடு மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றையும் தொடுவது என்றார். அந்தப் பார்வையே இதற்கும் அடிப்படை.

இம்முறையின் உயிர்நாடி வீட்டுக்கே செல்வதுதான். செவிலியர் புற்றுப்புண்ணைக் கழுவி, துர்நாற்றம் போக மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறார். வலி தணிக்க வாய்வழி மார்ஃபின் தந்தால், அதனால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்தே தருகிறார். புண்ணின் நாற்றம் நீங்கினால் பேரக்குழந்தை மறுபடி அருகே வந்து உட்காரும். நோயாளிக்கு அது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. அக்கம்பக்கத்துத் தொண்டர் கவனிப்பது வேறு: அடுப்பு எரிகிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, இரவில் கண்விழிப்பவருக்கு ஓய்வு உண்டா. மருத்துவர் காணத் தவறுவதை இவரே குழுவுக்குச் சொல்கிறார். எங்கே, எப்படிக் கவனிக்கப்பட வேண்டும் என்பதில் நோயாளியின் விருப்பமே முதன்மை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பது அரிதாகி, எண்ணற்றோர் தேவையின்றி வலியில் துடித்தனர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் தளர்ந்தன. அதற்கு முன்பே, 2008இல், கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. வீட்டுப் பராமரிப்பு உள்ளாட்சிகளின் பொறுப்பிலும் வந்தது.