ஊசியூரிலிருந்து வந்த வண்டி

என் தந்தையார் 1961-ஆம் ஆண்டில் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள், எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதனை மீண்டும் ஓடச் செய்ய முற்பட்டபோது, பதினையாயிரம் ரூபாய் போதும் என்று கணக்கிட்டேன். அக்கணக்கு எவ்வாறு பெருகிற்று என்பதைக் கூறுமுன், வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். செலவு பெருகியதற்குக் காரணமே அவ்வரலாறுதான்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்றோர் ஊர் உண்டு. ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஊசித் தொழிலில் ஈடுபட்டிருந்த டவுன்செண்டு நிறுவனம் பின்னர்ச் சைக்கிள் செய்வதில் இறங்கிற்று. 1890-களில் அதனை ஏற்று நடத்தியவர்கள், என்ஃபீல்டு என்னுமிடத்திலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகள் செய்து தரும் ஒப்பந்தம் பெற்றனர். ராயல் என்ஃபீல்டு என்ற பெயரும் பீரங்கிச் சின்னமும் அவ்வாறு வந்தவையே. முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வெளிவந்தது. புல்லட் என்ற பெயர் 1932-இல் சூட்டப்பட்டது.

நம் நாடு விடுதலை பெற்ற பின்னர், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வழியாகப் புல்லட்டுகள் இந்தியப் படைக்குத் தருவிக்கப்பட்டன. 1955-இல் அந்நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பகுதிகளை இங்கே பூட்டினார்கள். பிறகு கருவிகளையும் அச்சுகளையும் வாங்கி, உறுப்புகளையே இங்குச் செய்யலானார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் அந்நிறுவனமே ஓய்ந்தது. திருவொற்றியூர் ஆலையோ தொடர்ந்து நடந்து, 1977-இல் இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்யத் தொடங்கிற்று. பிள்ளை தாய்க்குச் சோறிட்ட கதை இது.

இந்தப் பிறப்பு வரலாறு என் கையில் இடித்தது ஒரு நட்டின் வாயிலாக. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு முறுக்கினேன். முனை மழுங்கிற்றேயன்றி நட்டு அசையவில்லை. மேலும் ஒன்றை மழுங்கச் செய்த பிறகே எனக்கு அறிவு வந்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியியலார், ஊருக்கு ஊர் மாறுபட்டிருந்த திருகு மரைகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். அதன் வழிவந்த ஆங்கிலேய மரைகளே இவ்வண்டியில் உள்ளவை. அவற்றிற்குரிய ஸ்பானரில் பொறித்திருக்கும் எண், ஸ்பானர் வாயின் அகலத்தைக் குறிப்பதன்று; போல்ட்டின் தண்டுப் பருமனைக் குறிப்பது. இதனை அறியாதவன் கடையில் திகைத்தே நிற்பான், நானும் நின்றேன். புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து பழைய ஸ்பானர்கள் ஒரு கட்டு வாங்கினேன். கணக்கில் முதல் ஓட்டை விழுந்தது அங்கேதான்.

அடுத்தது சிலிண்டர். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்டு, 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது இவ்வியந்திரம். பிஸ்டன் ஓடி ஓடிச் சுவர் தேய்ந்தால், கடைசல் பட்டறையில் துளையைச் சற்றே அகலப்படுத்தி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். பட்டறைப் பெரியவர் அளந்து பார்த்தார். “ஐயா, இது அங்குலத்தில் ஆயிரத்திலே அறுபது பங்கு வரைக்கும் கடைந்தாகிவிட்டது. இனிக் கடைய இடமில்லை. உள்ளே புது ஸ்லீவ் அடிக்கலாம், இல்லையானால் வேறு சிலிண்டர் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்.

நான் சிறிது நேரம் பேசாமல் நின்றேன். என் தந்தையார் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். அம்மை ஒழிப்புப் பணிக்காக இவ்வண்டியிலேயே ஊர் ஊராகச் சென்றவர். 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவர் நாட்குறிப்பு எழுதும் வழக்கமில்லாதவர். அவர் கடந்த தொலைவுக்கு எழுத்துச் சான்று எதுவும் எங்களிடம் இல்லை. தேய்ந்து தேய்ந்து அகன்ற அந்தச் சிலிண்டர் ஒன்றே இருந்தது. ஸ்லீவ் அடிக்கச் சொன்னேன்.

அடுத்துப் பெட்ரோல் தொட்டி. அடியில் துருவேறி மூன்று துளைகள் விழுந்திருந்தன. புதுத் தொட்டி குறைந்த விலைக்கே கிடைக்கும். ஆனால், பிற்காலத்தில் யாரோ பூசிய சிவப்பைத் துணியால் மெல்லத் தேய்த்தபோது, அடியில் பொன்னிறக் கோடு ஒன்று தெரிந்தது. தூரிகை பிடித்துக் கையால் இழுத்த கோடு அது. ஒரு வளைவில் இம்மியளவு தடித்திருந்தது. தொட்டியைப் பழுது பார்க்கவே கூடுதலாகச் செலவிட்டேன். ஐம்பது ஆண்டு கடந்து, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்வதற்கு 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. அந்த விதியை அப்பொழுது நான் நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும்.

என் மனைவியார் ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதி வந்தார். எண்பத்தாறாயிரத்தில் கோடிட்டு, “இது கூரைக்கு வைத்திருந்த பணமும் சேர்த்து” என்று மட்டும் கூறினார். அவர் கூறியது முற்றிலும் நியாயம். அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை, இன்றளவும் இயலவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, ஏழாவது உதைக்கு வண்டி உயிர்பெற்றது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். எந்த மேற்கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் சிறு நெம்பு ஒன்று, தந்தையாரின் செருப்பு பட்டு வழுவழுப்பாகியிருந்தது. தெருமுனை வரை சென்று திரும்பினேன். எண்ணெய் சிறிது கசிகிறது.

ஓடு மாற்றுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறோம். ஐப்பசி மழையில் தாழ்வாரம் ஒழுகியபோது, வண்டியை இரண்டடி நகர்த்தி வைத்தேன்.